வெயிலில் எரிந்த வராந்தா விளக்கு

காலை பத்தரை மணி. புளத்கொகுபிட்டிய மலைச்சரிவில் வெயில் சுள்ளென்று அடித்தது. இன்ஸ்பெக்டர் ஸப்ரி ஜீப்பைவிட்டு இறங்கியபோது பங்களா வராந்தாவில் மின்விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் பில் கட்டுகிறவர் செத்துப்போன வீடு; அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கட்டிலில் செல்லையா கிடந்தார். இறப்பர் தோட்டத்து முதலாளி, ஆஸ்துமாக்காரர், இடுப்பு ஒடிந்து இரண்டு மாதமாகப் படுக்கை. கைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பட்டன். கட்டைவிரல் அதன்மேல் அழுந்தியபடியே விறைத்திருந்தது. மூச்சு முட்டினால் இழுக்கும் பம்ப் தலைமாட்டில் இல்லை. கைக்கு எட்டாத அலுமாரியின்மேல் இருந்தது.

"இதுக்கு வயர் கிடையாது சார்," என்றான் கொழும்பிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த மகன் ஸ்ரீதரன். "அமத்தினா வைஃபை வழியா கிளவுட்டுக்குப் போகும். அங்கயிருந்து ஒரு செகண்ட்ல கட்டளை வந்து குசினியில மணி அடிக்கும். அப்பாவுக்காக நானே வாங்கிப் பூட்டினேன். முதல்தரச் சாமான்."

அமத்தினான். குசினியில் மணி அலறியது.

"பாத்தீங்களா? இது காதுல விழலன்னு இவ சொல்றா!"

சமையல்காரி விஜயகலா சுவரோடு ஒட்டி நின்றாள். பக்கத்தில் விலங்கோடு கான்ஸ்டபிள்.

"சத்தியமா அடிக்கலைங்க ஐயா. குசினியிலதான் படுத்திருந்தேன். ஆறு மணிக்குத் தேத்தண்ணி கொண்டு போனப்பத்தான் பாத்தேன். உடனே சின்னய்யாவுக்கு ஃபோன் போட்டேன்."

"பம்ப அங்க வச்சது யாரு?" என்று கேட்டார் ஸப்ரி.

"நான் இல்லைங்க. ராத்திரி கடைசியா ரூமுக்குள்ள இருந்தது சின்னய்யா."

"ஒன்பது மணிக்கே நான் கொழும்புக்குக் கிளம்பிட்டேன் சார்!"

"இன்னைக்கு மத்தியானம் லோயர் ஐயா வந்து, தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயத்துல பன்னிரண்டு வீட்டுக்கும் காணி எழுதிக் குடுக்கறதா இருந்துச்சுங்க," என்றாள் அவள். "என் வீட்டுக்கும்தான். இன்னைக்குப் பாத்து அவர நான் சாக விடுவேனாங்க?"

தன் சரக்கைத் தானே புகழ்கிறவனிடம் துணியைப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கேகாலைத் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஸப்ரிக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய வாப்பா. ஸப்ரி வெளியே போனார்.

இறப்பர் மரங்களில் பட்டை காய்ந்திருந்தது. பால் பிடிக்கும் சிரட்டைகளும் காய்ந்திருந்தன. லயத்து வாசலில் பால்வெட்டுக்காரன் ரொபர்ட் கேரம் ஆடிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, முதலாளி மௌத்தான துக்கமா?"

"அது பொறவுதாங்க தெரிஞ்சிச்சு. இன்னைக்கு மழை லீவு."

"மழையா? எங்க பேஞ்சிச்சு?"

ரொபர்ட் தலையைச் சொறிந்தான். "மரம் நனைஞ்சா பால்வெட்ட முடியாதுங்க. அந்த மாதிரி நாள்ல விடிய முந்தி வராந்தா லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுவாங்க. வேலை இல்லன்னு அர்த்தம். விஜயகலாக்காதான் போடும். இன்னைக்கும் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சிச்சு. மழையக் காணோமேன்னு எங்களுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டோம்... லீவு குடுத்தா யாருங்க வேணாம்பா?"

"எத்தனை தடவை?"

"நிக்கவே இல்லீங்க. பெரியய்யாவுக்கு இன்னைக்கு ரொம்பத்தான் மனசு எளகிருச்சுன்னு சிரிச்சிட்டு, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டோம்."

ஸப்ரி பங்களாவுக்குத் திரும்பினார். பின்னாலேயே ரொபர்ட்டும் வந்தான்.

"ஸ்ரீதரன், வராந்தா லைட்டும் உங்க ஃபோன்லதான் வேலை செய்யுதா?"

"ஆமா சார். எல்லாமே."

"அப்ப இந்தப் பட்டன் மணிய விட்டுட்டு, அமத்த அமத்த லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கணும்னா?"

ஸ்ரீதரன் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஃபோன்ல ரெண்டு தட்டு," என்றார் ஸப்ரி. " நேத்து ராத்திரி தட்டினீங்க. பம்பையும் தூக்கி வச்சீங்க. விஜயகலா ஃபோன் பண்ணினதும் கொழும்புல இருந்தே திரும்ப மணிக்கு மாத்திட்டீங்க. அதான் இப்ப நல்லா அடிக்குது. ஆனா உங்கப்பா கடைசியா அமத்தினப்போ பத்தின விளக்கு இன்னும் எரியுது. அத அணைக்க மறந்துட்டீங்க."

"அவளே சுவிட்ச்ல போட்டிருப்பா!"

"கொல்ல நினைக்கிறவ, லயமே பாக்கற மாதிரி விளக்குப் போட்டு விளையாடுவாளா? அதுவும் காய்ஞ்ச நாள்ல? சரி, உங்க பேச்சே உண்மையா இருக்கட்டும். எப்ப என்ன மாத்தினீங்கன்னு கிளவுட்டுல கேட்டாச் சொல்லும். ஃபோன மேசையில வைங்க."

சட்டைப்பைக்குப் போன ஸ்ரீதரனின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"லயம் இருந்தா ஹோட்டல்காரன் தோட்டத்த வாங்க மாட்டேன்னான்," என்றான் கடைசியில். "இவரு என்னடான்னா எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன்னாரு."

விலங்கு ஸ்ரீதரன் கைக்கு மாறியது.

மத்தியானம் சட்டத்தரணியின் கார் வந்தது. காணி உறுதியில் கையெழுத்துப் போட வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். கார் வந்த வழியே திரும்பிப் போனது.

வாசற்படியில் ரொபர்ட் நின்றிருந்தான். "ஐயா, அப்ப விடிய முந்தி நாங்க பாத்தது..."

ஸப்ரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பன்னிரண்டு வீடும் பாத்துச்சுங்க," என்றான் ரொபர்ட்.

விளக்கை அணைக்க விஜயகலா சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினாள்.

"வேணாம்க்கா, எரியட்டும். அது அணையறத இன்னொருக்கா பாக்க முடியாது."