ஏசி எண்ணிய தலைகள்

சுவரில் இருந்த ஏசித் திரை, வீட்டில் மூன்று பேர் என்றது. இருந்ததோ அவரும் மனைவியும்தான்.

டெலிபோன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் 'ஸ்குரூ' என்றால்தான் தெரியும். அவர் கழற்றிப் பார்க்காத சாமான் அந்த ஊரிலேயே இல்லை, எதிர்வீட்டு நாயைத் தவிர. ஏசி கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தியதும், யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகக் கிடந்த மென்பொருளைக் காலையில்தான் ஏசிக்குள் ஏற்றியிருந்தார். அறைக்கு அறை சென்சார். எங்கே எத்தனை ஆள் என்று எண்ணி, அதற்கேற்பக் குளிர்விக்கும்.

"மூணாவது ஆளுக்கும் டீ போடவா?" என்றாள் மனைவி.

"போடு. சக்கரை எவ்வளவுன்னு நீயே கேட்டுக்கோ."

"பேசாம பழசையே ஏத்திடுங்க. எனக்கு என்னமோ பிடிக்கலை."

"அப்புறம் நாப்பது வருஷ சர்வீஸுக்கு என்ன மரியாதை?"

அந்த நாற்பது வருஷமும் அவருடைய ரிப்பேர்களைக் கேலி செய்ய இருந்த ஒரே ஜீவன், சிரித்தபடி சமையலறைக்குள் போனாள்.

திரை மாறியது. சமையலறை: 1. கூடம்: 2.

கூடத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். வெளியே மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில். உள்ளேயோ, பல வருஷம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தாற்போல ஒரு ஈர வாடை எழும்பி வந்து அவர் கழுத்துக்குப் பின்புறம் நின்றது. ஏசியின் இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல, அதுவும் அவர் மூச்சை அடக்கினால் அடங்கி, விட்டால் விட்டு.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். தப்பைத் தேட நேரமில்லை. ஒரே ஒரு வரி சேர்த்தார். இந்த வீட்டில் ஆட்கள் இரண்டு, அதற்கு மேல் கூடாது.

ஏற்றினார்.

ஏசி நின்றது. நிசப்தம். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

ஏசி மறுபடி உயிர்பெற்றது. மொத்தம்: 2.

"பாத்தியா! சரி பண்ணிட்டேன்ல!" என்று கத்தினார்.

சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினார்.

"ஏய், உன்னைத்தான்."

டீ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். தீய்ந்த வாடை. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

திரையைப் பார்த்தார்.

சமையலறை: 0.

கூடம்: 2.

சோபாவின் மறுகோடி, மெல்ல, ஓர் ஆள் கனத்துக்கு அமுங்கியது.