மை கறுப்பதற்குள்

கைப்பிரதியில் முப்பத்தொன்றாம் வாக்கின் மை நேற்று வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. இன்று காலை கறுத்திருந்தது.

அவள் பூதக்கண்ணாடியை இறக்கிவைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், விளக்கடியில் பார்த்தாள். நேற்றைய குறிப்பேட்டில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'வாக்கு 31, மை வெளிர் பழுப்பு.' இரும்பு மைக்கு ஒரு குணம் உண்டு. எழுதும்போது நீர்த்துத் தெரியும். காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். பிறகு காலம் போகப் போகத் துருவைப்போலப் பழுப்பாகும். முந்நூறு வருடப் பழசு என்று சொல்லப்படும் மை இன்றைக்குக் கறுப்பது, செத்தவனுக்குப் பல் முளைப்பது மாதிரி.

ஆயர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், கற்சுவருக்குள் புதைத்ததுபோல இருந்தது ஆவண அறை. பழைய தோலும் பூஞ்சையும் கலந்த வாடை, மேலே ஒரே ஒரு கம்பி ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் போட்டால் யானை முட்டினாலும் அசையாத கதவு. அந்தக் கைப்பிரதி பழைய கோயிலின் சுவரை இடித்தபோது ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் இறந்த ஒரு திருத்தந்தை, ஒரு போப்பாண்டவர், லத்தீனில் எழுதிய தீர்க்கதரிசன வாக்குகள் என்று பேச்சு. நாளை ஞாயிறு, பூசை முடிந்ததும் அறிவிக்கப்போகிறார்கள். அதற்கு முன் அவள் எழுத வேண்டியது ஒரே வரி: உண்மையா, போலியா.

தாள் சரி. தாளுக்குள் தெரியும் நீர்க்குறி சரி. முத்திரை சரி. கையெழுத்து, இதே அறையில் இருக்கும் அந்தத் திருத்தந்தையின் இரண்டு கடிதங்களோடு நூல் பிடித்தாற்போல ஒத்துப்போனது. அது அவளுக்கு எரிச்சலூட்டியது. வம்சத்திலேயே பேனா பிடித்த முதல் கை அவளுடையது. பெரிய இடத்துக் கையெழுத்து என்பதற்காகக் கும்பிடப் பழகிய கை இல்லை. மை ஒன்றுதான் சரியில்லை. மை போதும்.

மாடியில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா. இருபது வருடமாக இந்தக் கட்டடத்தின் தரைகளை முட்டி போட்டுக் கழுவுகிறவள். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் கைநாட்டு வைத்தவள். இந்த வேலைக்கே அம்மாதான் யார் யார் காலிலோ விழுந்தாள். அந்த வாளி தரையில் உராயும் சத்தம் கேட்கும்வரை அவளுக்கு எந்த இருட்டறையிலும் பயமில்லை. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

தீர்க்கதரிசனங்களைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொய் எழுதுகிறவன் தன் காலம்வரை நடந்ததைப் பிசகாமல் எழுதுவான், நடந்து முடிந்ததுதானே. அதற்குப் பிறகு உளறுவான். 'பெரும் புயல் வரும், ஒரு மகுடம் சரியும்' என்று எதற்கும் பொருந்துகிற மாதிரி. எந்த இடத்தில் துல்லியம் தீர்ந்து உளறல் தொடங்குகிறதோ அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டின் காலத்தில்தான் எழுதியவன் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் படியெடுக்கும்போது அர்த்தம் பார்க்கக் கூடாது. கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை, தலைகீழாக, ஒவ்வோர் எழுத்தாக எடுக்க வேண்டும். அர்த்தம் புரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் படித்துவிடும். அந்த வேலை நேற்றுத்தான் முடிந்தது. இன்று முதன்முறையாக அர்த்தத்துக்காகப் படிக்க உட்கார்ந்தாள்.

முதல் இருபதில் போர்கள், கொள்ளைநோய்கள். எல்லாம் துல்லியம். அதற்குமேல் உளறல் வர வேண்டும். வரவில்லை. இருபத்தெட்டில் இதே வளாகத்தின் மணிக்கூண்டிலிருந்து ஒருவன் விழுந்தான்; நான்கு வருடத்துக்கு முன் நடந்தது. இருபத்தொன்பதில், 'தேடியவன் தன் மூக்குக்கண்ணாடியைப் பற்களில் கவ்வியபடி கையை இழப்பான்.'

பென்சில் நின்றது.

அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த மூத்த ஆய்வாளர் மூன்று மாதத்துக்கு முன் தாள் வெட்டும் இயந்திரத்தடியில் கிடந்தார். இடது கை மணிக்கட்டோடு துண்டாகி, உடம்பில் இருந்த ரத்தத்தையெல்லாம் தாள் கட்டுகள் குடித்துவிட்டிருந்தன. விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். வாயில் கண்ணாடி இருந்தது எந்தக் காகிதத்திலும் இல்லை. பக்கத்து அறையில் புத்தகம் தைத்துக் கட்டும் பைண்டர் அண்ணன்தான் ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார். முப்பதாம் வாக்கில், கழுத்து பின்பக்கம் திரும்பிய நாய். போன வாரம் காவல் நாய் அப்படித்தான் கிடந்தது, முகம் முதுகைப் பார்த்தபடி.

அப்படியானால் கோடு இங்கே விழுகிறது. போன வாரத்தில். எழுதியவன் இந்த வீட்டுக்குள் இருக்கிறான்.

அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாட்டினான். கறுத்திருந்த முப்பத்தொன்றைப் படித்தாள்.

'தைக்கிறவன் ஏழு தையலில் வாய் மூடுவான்.'

பக்கத்து அறைக்கு ஓடினாள். பைண்டிங் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பசை காய்ச்சும் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, இரும்பை நாக்கில் வைத்ததுபோல. பைண்டர் அண்ணன் முட்டி போட்டிருந்தார். தலை, புத்தகங்களை இறுக்கும் இரும்பு பிரஸ்ஸுக்குள் இருந்தது. சக்கரத்தை முடிந்தவரை திருகியிருந்தார்கள். நெற்றி ஒரு புத்தகத்தின் தடிமனுக்கு வந்திருந்தது, காதிலிருந்து வழிந்தது இன்னும் நிற்கவில்லை. உதடுகளை மெழுகு நூலால் தைத்திருந்தார்கள். நெருக்கமாக, நேராக, பொறுமையாகப் போட்ட தையல்.

எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஏழு.

முற்றத்தில் நின்றிருந்த செயலர் ஃபாதரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். ஆயருக்குச் செயலர், கைப்பிரதியை உலகத்துக்கே காட்டத் துடிக்கிற மனிதர். அவர் சிலுவை போட்டுக்கொண்டார், போலீசுக்குப் போன் செய்தார், பிறகு கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தபடி, அந்த வாக்கில் இது இருந்ததா என்று கேட்டார். செத்தவனின் ரத்தம் செருப்பை நனைக்கும்போது கேட்கிற கேள்வியா அது. இருந்தது என்றாள். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனதை அவள் பார்த்தாள்.

ஆவண அறைக்கு அவளிடம் ஒரு சாவி, அவரிடம் ஒரு சாவி. வாக்கு பலித்தால் யாருக்கு லாபம்? கூட்டம் யாருக்கு, பெயர் யாருக்கு? கணக்கு நேராக இருந்தது. எழுதுகிறவர் அவர். எழுதியதை நடத்தி முடிக்கிறவரும் அவர்.

கைப்பிரதியை எடுத்து போலீசிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அறைக்கு ஓடினாள். முப்பத்தொன்றுக்குக் கீழே, அரைமணி நேரத்துக்கு முன் வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு வரி இருந்தது. தண்ணீரில் எழுதியதுபோல வெளிறி. பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

'தரை கழுவுகிறவளின் வீட்டில் ஒரு சாவு...'

அதற்குமேல் அவளுக்குப் படிக்கத் தேவைப்படவில்லை. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

அம்மா வராந்தாவின் நடுவில் முட்டி போட்டு, முதுகைக் காட்டியபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபினாயில் வாடை மூக்கில் ஏறியது.

"ஏன்டி இப்படி ஓடி வர்றே? தாள் ஏதும் கடிச்சிடுச்சா?"

"எழுந்திரும்மா. கீழ வா."

"பாதி வராந்தா கெடக்கு. படிச்சவளுக்கு அழுக்கு கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"பைண்டர் அண்ணன் செத்துட்டாரு."

அம்மா துணியைப் பிழிந்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிழிந்தாள். "கேட்டுச்சு," என்றாள்.

அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். வாளியை விட மாட்டேன் என்று அம்மா அதையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆவண அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள், மேசையைத் தள்ளிக் கதவோடு முட்டுக்கொடுத்தாள். தோல் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தாள். இனி எவனும் வர முடியாது. இந்த ஒரு வாக்கு பொய்த்தால் போதும். அம்மாவும் பிழைப்பாள், கோடும் விழும்.

சுருட்டிய தாளை மேசைமேல் விரித்தாள். மை மாறிக்கொண்டிருந்தது. வெளிர் தேநீர். கடும் தேநீர். பார்க்கப் பார்க்கத் துரு.

அம்மா பின்னால் எங்கோ உட்கார்ந்தாள். சேலை சரசரத்தது. வாளியில் தண்ணீர் தளும்பி அடங்கியது.

கதவைத் தட்டினார்கள். செயலர் ஃபாதரின் குரல்.

"கதவைத் திறம்மா. போலீஸ் வந்துட்டே இருக்காங்க."

"கிட்ட வந்தீங்கன்னா குத்திருவேன் ஃபாதர். சத்தியமா."

"என்னை எதுக்கும்மா குத்தணும்?"

அவள் கதவோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மை, கோடு, இரண்டு சாவிகள். இருபது வருடமாக ஒரு பொம்பளையின் முட்டியைத் தேயவைத்துவிட்டுக் கடைசியில் அவள் உயிரையும் எழுதிவைக்கிறீர்களா என்று கேட்டாள்.

"உள்ள யாரு இருக்கா உன்கூட?"

"அம்மா மட்டும்தான்."

கதவுக்கு வெளியே அங்கி தரையில் உராய்ந்தது.

"ஏம்மா... சாவி ரெண்டு இல்ல. மூணு." அவர் குரல் கதவின் கீழ்ப்பக்கமிருந்து வந்தது, முட்டி போட்டுவிட்டார்போல. "எல்லா அறைக்கும் ஒரு கொத்து துடைக்கிறவங்ககிட்ட இருக்கும். நாம யாரும் அதை எண்ணுறதில்லை. நீயும் எண்ணலை."

"அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது ஃபாதர்."

"அன்னிக்கு அந்த மூத்த ஆய்வாளர் வாயிலேருந்து கண்ணாடியை எடுத்து, கழுவி, என் கையில கொடுத்தது உங்கம்மாதான். பல்லுல கடிச்சுட்டு இருந்தாருன்னு சொல்லிச் சிரிச்சாங்க. கதவைத் திற. மெதுவா. திரும்பிப் பாக்காதே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் ஒரு சத்தம். தாளில் கூர்முனை கீறும் சத்தம். சர்ரக். சர்ரக். பொறுமையாக.

மேசைமேல் முப்பத்திரண்டாம் வாக்கு கரியாகிக்கொண்டிருந்தது. தெரியாத பாதி மேலெழும்பி வந்தது. 'தரை கழுவுகிறவளின் வீட்டில் ஒரு சாவு: பெற்றவள் பிள்ளையின் தாடையை இரண்டாகப் பிரிப்பாள், உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில்.'

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் ஒருத்தியை மட்டும்தான் நினைத்திருந்தாள்.

திரும்பினாள்.

அம்மா தரையில் முட்டி போட்டிருந்தாள். முன்னால் ஒரு வெற்றுத்தாள். கையில் இறகுப் பேனா. கண் தாளில் இல்லை, மகள்மேல் இருந்தது. கைநாட்டு வைத்த அதே கை, வரி பிசகாமல், திருத்தந்தையின் கையெழுத்தில் ஓடியது. நெட்டை எழுத்துகளின் வால்களைக் கீழிருந்து மேலே இழுத்தது. எவரும் அப்படி எழுதுவதில்லை. அந்த இரண்டு கடிதங்களை எழுதியவர் மட்டும் எழுதினார்.

போலி இல்லை. கை உண்மை.

"அம்மா."

"ஒண்ணும் இல்லடி கண்ணு." அம்மா இறகைக் கீழே வைத்தாள். எழுந்தாள். முட்டி நெட்டி முறிந்தது. "பயப்படாதே. அம்மாதானே."

கத்தி கையில் இருந்தது. தூக்க வேண்டும். அம்மாவின் வயிற்றில். அந்த வயிற்றில். கை எழவில்லை.

கதவை உடைக்கத் தொடங்கினார்கள். மேசை ஒரு விரலளவுகூட நகரவில்லை. அவளே முட்டுக்கொடுத்த மேசை.

ஈர விரல்கள் கன்னத்தைத் தொட்டன. காய்ச்சலுக்கு மருந்து புகட்டும்போது பிடிக்கிற பிடி. ஒரு கை மேல்பல்லில். ஒரு கை கீழ்ப்பல்லில். ஃபினாயில் கசப்பு நாக்கில்.

"ஆ காட்டு."

இரண்டு கைகளும் அவள் வாய்க்குள் இருந்தன. இரண்டும். அவளால் எண்ண முடிந்தது. தாடைக்குள் முதல் நரம்பு அறுந்தது, சுள்ளென்று காதுவரை.

அம்மாவின் தோளுக்குப் பின்னால், யாரும் இல்லாத தரையில், இறகு எழுதிக்கொண்டிருந்தது.

சர்ரக்.

சர்ரக்.