கதவுத் தடத்தில் ஒரு செருப்பு

கப்பல் அறையின் படத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது.

கட்டில், வெள்ளை விரிப்பு, மேசை, நாற்காலி, பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு என்று மற்றதெல்லாம் விளம்பரப் படத்தில் இருக்கிற மாதிரியே துடைத்து வைத்தாற்போல இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் மட்டும், சுவரோரமாக, நுனி சுவரைப் பார்க்க, ஒரு நீல ரப்பர் செருப்பு. வார் அறுந்து வெள்ளை நூலால் தைத்தது.

அவள் மேசைக்கு அடியில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். நீலம். வலது வாரில் வெள்ளை நூல்.

"ஏங்க, அங்க செருப்பு கிடக்குது பாருங்க."

கணவன் மடிக்கணினிப் பக்கம் குனியக்கூட இல்லை. "படம் எடுத்தவனோடதா இருக்கும். கப்பலைப் பாருன்னா செருப்பைப் பாக்கற. பூதக்கண்ணாடிங்கிறது சரியாத்தான் இருக்கு."

பூதக்கண்ணாடி அக்கா என்பது வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஒரு பெரிய ஹோட்டலில் பத்தொன்பது வருடமாக அறைகளைச் சரிபார்க்கிறாள். பெண்கள் துடைத்துவிட்டுப் போன அறைக்குள் நுழைந்து, கதவருகே நின்று ஒரு சுற்று பார்ப்பாள். எங்கே முடி, எங்கே விரல் ரேகை, எந்தத் தம்ளரைக் கழுவாமல் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். துடைக்காத அறையாக இருந்தால் இன்னும் தெரியும். எத்தனை பேர் தங்கினார்கள், யார் எந்தப் பக்கம் படுத்தார்கள், சண்டை போட்டார்களா. தலையணை பொய் சொல்லாது என்று புதுப்பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

கணவனுக்கு ஓடு கதவு வியாபாரம். தடத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற கண்ணாடிக் கதவுகள். இந்த வருடம் அதிகக் கதவு விற்றவன் அவன்தான் என்று கம்பெனி இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தது, ஐந்து இரவு, இருவருக்கு. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. இன்று மாலை ஏழு மணிக்குள் அறையைத் தேர்ந்துவிட வேண்டும், தவறினால் மிச்சமிருப்பதில் எதையாவது கொடுப்பார்கள். தேர்ந்ததும் இருவர் போனுக்கும் தனித்தனியாக ஆறு இலக்க எண் வரும், இரண்டையும் போட்டால்தான் அறை உறுதியாகும். மனைவியின் சம்மதமும் வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. கல்யாணத்தின்போதுகூட அவளை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

மணி ஆறு பத்து. வெளியே மேகம் இறங்கிக் கூடம் முழுக்க அழுக்குத் துணியின் நிறமாக இருந்தது.

"கப்பல்ங்கிறது ஏத்த இறக்கப் பலகை மாதிரி," கணவன் விரலால் மேசையில் கோடு போட்டான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும்போது மட்டும் அவன் குரலில் ஈரம் வரும். "ரெண்டு நுனியும் ஏறி இறங்கும். நடு அசையாது. அதான் நடுவுல எடுக்கணும். மேல ஆட்டம் பாட்டம் நடக்கற ஹால் இருக்கக் கூடாது, நாற்காலி இழுக்கற சத்தம் ராத்திரி பூரா கேக்கும். ஒத்தப்படை நம்பர் ஒரு பக்கம், ரெட்டைப்படை ஒரு பக்கம். எட்டாவது தளம், நடு, பால்கனி. அதைவிட நல்ல அறை கிடையாது."

"பால்கனி வேணாங்க."

"ஏன்?"

ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்து வருடம் முன்பு இந்த வீட்டின் பால்கனிக்கு அவனே புதுக்கதவு போட்டான். இரண்டு கண்ணாடி, நடுவில் காற்று. சத்தம் என்பது அதிர்வு, முதல் கண்ணாடி அதிர்ந்தாலும் நடுவில் உள்ள காற்று அதை இரண்டாவதுக்குக் கடத்தாமல் விழுங்கிவிடும். இழுத்து விட்டால் போதும், பூட்டின் வில் வைத்த நாக்கு தானே மாட்டிக்கொள்ளும். திறக்கும் பிடி உள்பக்கம் மட்டும். அதைக் காட்ட நாலு வியாபாரிகளைக் கூட்டிவந்திருந்தான். அவள் துணி எடுக்கப் போயிருந்தாள். கதவை இழுத்து விட்டு, "இப்போ என் பொண்டாட்டி கத்துவா பாருங்க, ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது," என்றான். அவள் கத்தினாள். கண்ணாடியை அறைந்தாள். உள்ளே நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு அவர்களை வழியனுப்பப் போனவன் அப்படியே சாப்பிடவும் போய்விட்டான். ஏழாவது மாடி. மூன்று மணி நேரம். மறந்துட்டேன் என்றான். இன்றும் வியாபாரிகள் கூட்டத்தில் அதைத்தான் முதல் நகைச்சுவையாகச் சொல்கிறான்.

அன்றிலிருந்து பால்கனிக்குப் போகும்போதெல்லாம் அவள் வலது செருப்பைக் கழற்றிக் கதவு ஓடும் தடத்தில் வைத்துவிட்டுத்தான் போவாள். ஹோட்டலில் வேலைக்காரப் பெண்கள் துணியை மடித்துத் தடத்தில் வைப்பார்கள், காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க. இங்கே அவள் காற்றுக்காக வைக்கவில்லை.

"பக்கத்து அறையைக் காட்டுங்க," என்றாள்.

அவன் அடுத்த எண்ணைத் தொட்டான். அறைக்கு நடுவில் முக்காலி நிறுத்தி, நாலாபுறமும் எடுத்து ஒட்டிய படம் அது, விரலை இழுத்தால் அறை சுழலும். ஒரே ரக அறைகளுக்கு ஒரே படத்தைத்தான் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஹோட்டலிலும் அப்படித்தான். நூறு அறைக்கு நூறு படம் எடுக்க யாருக்கு நேரம்? ஆகவே அதே கட்டில், அதே மேசை. அதே செருப்பு. ஆனால் விரிப்பு கலைந்திருந்தது.

வலப்பக்கத் தலையணையில் குழி, பல இரவு ஒரே தலை அழுத்திய ஆழமான குழி. இடப்பக்கத் தலையணை மடிப்புக் குலையாமல் இருந்தது. வீட்டில் அவள் படுப்பது இடப்பக்கம். மேசையில் இரண்டு தம்ளர், ஒன்றின் வாயில் காகித மூடி எடுக்காமலே இருந்தது. இருவர் அறையில் ஒருவர் தங்கியிருக்கிறார். இல்லை, இருவர் வந்து, அதன்பின் ஒருவர் தங்கியிருக்கிறார். அலமாரிக் கதவிடுக்கில் ஒரு சேலையின் நுனி தெரிந்தது.

எங்கிருந்தோ ஈரக் கயிற்றின் வாடை வந்தது. சமையலறைத் துணியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"உள் அறை ஒண்ணு காட்டுங்க. ஜன்னல் இல்லாதது."

"கதவு விக்கிறவன் கதவில்லாத அறையில படுத்தேன்னா ஊரே சிரிக்கும்." ஆனாலும் காட்டினான்.

சின்ன அறை. நாலு பக்கமும் சுவர், விளக்கை அணைத்தால் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டாகத்தான் இருக்கும். செருப்பு இல்லை. இரண்டு தலையணையிலும் குழி. இரண்டு தம்ளரும் ஈரம்.

"இது போதுங்க. இதைப் போடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

போன் அடித்தது. கம்பெனிப் பெண். கணவனின் குரல் உடனே சர்க்கரையானது. "ஆமாம்மா, பாத்துக்கிட்டே இருக்கோம். எங்க வீட்டம்மா எல்லாத்தையும் தடவித் தடவிப் பாப்பாங்க. இல்லல்ல, பால்கனிதான், அதுல என்ன சந்தேகம்? அந்தக் கப்பல் கதவெல்லாம் நம்ம கதவுதானே. ஏழுக்குள்ள ரெண்டு நம்பரும் வந்துரும்."

போனை வைத்தபோது சர்க்கரை கரைந்துவிட்டிருந்தது. மறுபடி எட்டாம் தளத்தைத் திறந்தான்.

படத்தில் இப்போது சாயங்காலம்.

முன்பு கண்ணாடிக்கு அப்பால் நீலக் கடல் இருந்தது, இப்போது சாம்பல். கண்ணாடியின் வெளிப்பக்கம் பால் தெளித்தாற்போல மங்கலாக இருந்தது. கடல் காற்று பட்ட கண்ணாடியில் உப்புப் படலம் கட்டும், ஹோட்டலின் கடற்கரைக் கிளையில் ஒரு வருடம் வேலை பார்த்தபோது அவளே தினமும் கழுவச் சொல்லியிருக்கிறாள். அந்தப் படலத்தில் ஒரு வட்டம் மட்டும் துடைத்திருந்தது. முகத்தளவு. உள்ளே பார்க்க விரும்பியவர் வெளியே நின்று உள்ளங்கையால் துடைத்த வட்டம். அதற்குக் கீழே ஐந்து விரல் தடம், நின்ற உயரத்திலிருந்து உட்கார்ந்த உயரம் வரை இழுத்துக்கொண்டே இறங்கியது.

"கண்ணாடியைச் சரியா துடைக்கல பாரு," என்றான் கணவன்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் அவனுக்கும் தெரிகிறது.

படத்தைச் சுழற்றினாள். அலங்காரக் கண்ணாடி வந்தது. இந்த மாதிரிப் படங்களில் கண்ணாடிக்குள் முக்காலியும் காமிராவும் தெரியாமல் இருக்காது. முக்காலி இல்லை. கட்டில் விளிம்பில் ஒரு ஆண், பால்கனிக்கு முதுகைக் காட்டி, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பொறுமையாக. எதுவோ முடியட்டும் என்று காத்திருக்கிறவனைப் போல.

கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் சட்டையை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள்தான் காலையில் தேய்த்துக் கொடுத்தாள்.

"நம்பர் தர மாட்டேன்." மேசையில் இருந்த தன் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "உள் அறை போட்டா தர்றேன். இல்லன்னா நீங்க மட்டும் போங்க."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். மேசையைத் தட்டுவான். அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான், சரியாகப் பொருந்தாத கதவைப் பார்ப்பதுபோல, எங்கே ஒரு நூல் அளவு செதுக்க வேண்டும் என்று.

"சரிம்மா," என்றான். "உன் இஷ்டம்."

இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறை அவளிடம் பேச்சில் 'ம்மா' சேர்த்தான்.

திரையில் உள் அறையைத் திறந்தான். மணி ஆறு ஐம்பது. வெளியே பொட்டுப் பொட்டென்று மழை தட்டத் தொடங்கியது.

"மழை வருது பாரு. நாளைக்குப் போட யூனிஃபார்ம் பால்கனிக் கொடியிலதானே கிடக்கு?"

இருப்பது இரண்டு செட், மற்றது துவைக்கப் போட்டது. ஈரத்தோடு போய் நிற்க முடியாது. எழுந்தாள். கதவைத் தள்ளினாள். வலது செருப்பைக் கழற்றித் தடத்தில் குறுக்காக வைத்தாள். இருமுறை அழுத்திப் பார்த்தாள். வெறுங்காலில் ஈரத் தரை சில்லென்றது.

ஐந்தாறு எட்டு வைத்தாள். ஒரு துணிக் கவ்வி, இரண்டு கவ்வி. வெள்ளைச் சட்டை. கால்சட்டை.

போன் மேசையில் இருந்தது.

அது நினைவுக்கு வந்த நொடியில், கைப்பிடிச் சுவரைத் தொட்டிருந்த விரல்களில் ஒரு சின்ன அதிர்வு. சத்தம் இல்லை. வில் வைத்த நாக்கு.

திரும்பினாள்.

கணவன் கதவுக்கு உள்ளே குனிந்திருந்தான், கையில் அவள் செருப்பு. அதைச் சுவரோரமாக வைத்தான். நுனி சுவரைப் பார்க்க. கோணல் இல்லாமல்.

அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மடிக்கணினியில் எதையோ தொட்டான். சற்று நேரத்தில் மேசையில் அவள் போன் ஒளிர்ந்தது. எடுத்தான். அவன் உதடுகள் ஒவ்வொரு எண்ணாக அசைந்தன. ஆறு முறை.

கத்தினாள். தன் குரல் தனக்கே மழைக்குள் சின்னதாகக் கேட்டது. கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. மூச்சு பட்டதால் என்று நினைத்தாள். மூச்சு உள்ளங்கையில் இப்படிப் பிசுபிசுக்காது. துடைத்தாள். ஒரு வட்டம். முகத்தளவு.

வட்டத்தின் வழியே மடிக்கணினியின் திரை தெரிந்தது. எட்டாம் தளத்து அறை. கட்டில் விளிம்பில் கட்டம் போட்ட சட்டை. அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. கதவில் துடைத்த வட்டம். வட்டத்தில் ஒரு முகம்.

படம் அசையாது. நாலு பக்கமும் எடுத்து ஒட்டிய படம்.

முகம் வாயைத் திறந்தது.

கணவன் எழுந்து கூடத்து விளக்கை அணைத்தான். சாவிக்கொத்தை எடுத்தான். வாசல் கதவு திறந்த வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து, மெலிந்து, போனது.

திரை மட்டும்.

மழை உதட்டில் வழிந்தது. நாக்கில் பட்டது.

உப்பு.

காலடித் தரை மெல்ல எழுந்தது. நின்றது. மெல்ல இறங்கியது.

பின்னால் எதிர்க் கட்டடத்தின் விளக்குகள் இருக்க வேண்டும். தெருவில் வண்டிச் சத்தம் இருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. முன்னால் இருந்த கண்ணாடியிலேயே தெரிந்தது: தன் முகம், தன் தோள், அதற்கு அப்பால் ஒரு விளக்கும் இல்லாமல், கருப்பாக, ஏறி இறங்கிக்கொண்டு.

திரைக்குள் கட்டிலில் இருந்தவன் எழுந்தான். கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவருகே வந்து, சுவரோரம் கிடந்த செருப்பைக் கால் நுனியால் இன்னும் கொஞ்சம் நேராக்கிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடினான்.