கோபித்துக்கொள்ள ஓர் இடம்

வாயாடி என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அந்தச் சிறுமிக்கு அன்று பேச்சே வரவில்லை. அண்ணன் கதவுப் பிடியில் கை வைத்து நின்றான்.

அது சாதாரணக் கதவா என்ன? விண்வெளியில் மனிதர்கள் வருடக்கணக்கில் வாழ்வதற்கான வீடுகளை வடிவமைப்பதுதான் அவர்களுடைய அம்மாவின் வேலை. அவர் வரைந்த வீட்டை அதே அளவில், பெரிய பீப்பாய் மாதிரி, பட்டறைக்குள் பலகையால் கட்டியிருந்தார்கள். ஒரு குடும்பம் அதில் ஒரு வாரம் வெளியே வராமல் இருந்து காட்ட வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் போச்சு, அம்மாவின் திட்டம் பரணுக்குப் போய்விடும். வேறு யாரையாவது தேடுவானேன் என்று இவர்களே பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள்.

வீடு விசாலமாக இருக்கட்டும் என்று கழிவறையைத் தவிர வேறெங்கும் அம்மா தடுப்பே வைக்கவில்லை. முதலில் எல்லாம் ஜோராகத்தான் போயிற்று. பிறகு அண்ணனுக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம். அவன் கணக்குப் போட்டால் அப்பா எட்டிப் பார்த்தார். கண் கலங்கினால் அம்மா ஓடி வந்தார். வாயாடியோ விடாமல் தொணதொணத்தாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக்கூட இங்க இடமில்லம்மா. நான் போறேன்" என்றான். கதவுப் பிடியை அவன் விடவில்லை.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. இன்னும் பெரிதாகக் கட்டியிருக்க வேண்டுமோ என்று அப்பாவிடம் முணுமுணுத்தார்.

வாயாடி யோசித்தாள். அவர்களுடைய சொந்த வீடு இதைவிடச் சின்னது. ஆனால் அங்கே சண்டை வந்தால் அண்ணன் மொட்டைமாடிக்கு ஓடிவிடுவான். பசித்ததும் ஒன்றுமே நடக்காதது போல இறங்கி வருவான். இங்கே எங்கே ஓடுவான், பாவம்?

அவள் தன் போர்வையை எடுத்து ஒரு மூலையில் குறுக்கே கட்டினாள். தன் தலையணையையும் உள்ளே போட்டாள்.

"அண்ணா, இது உன் இடம். நீ உள்ள இருந்தா யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. நானும் வாயத் திறக்க மாட்டேன்."

"யாரு, நீயா?" என்றான் அண்ணன். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போர்வைக்குள் நுழைந்தான்.

வாயாடி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்குள் அவளுக்கு உயிரே போய்விட்டது. மாலையில் அண்ணன் தானாகவே வெளியே வந்து அவளை விளையாடக் கூப்பிட்டான்.

மறுநாள் அம்மா போர்வைக்குப் பின்னால் போனார். அப்புறம் அப்பா. வீட்டில் ஒரு மூலை குறைந்திருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் இடம் தாராளமாகிவிட்டது போல இருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்து, வரைபடத்தில் தடுப்புகள் போடத் தொடங்கினார்.

வாரம் முடிந்ததும் தலைமைப் பொறியாளர் வெளியிலிருந்து கதவைத் திறந்தார். வாசலில் நின்ற மூன்று பேரையும் பார்த்துவிட்டு, இன்னொருவர் எங்கே என்று கேட்டார்.

போர்வைக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"நீங்க எல்லாரும் முன்னாடி போங்க. நான் இந்தப் புத்தகத்த முடிச்சிட்டு மெதுவா வரேன்."