அரசரின் சட்டை அலமாரி

அனைவரும் அமைதி காக்கவும்! உலகிலேயே வேகமான விளையாட்டுப் பெட்டி பிறக்கப்போகிறது.

இப்படி அறிவித்தவர், வீடியோ கேம் ஆடும் அந்தப் பெட்டியைச் செய்யும் அலுவலகத்தின் தலைவர். அவர் கையை இறக்குவதற்குள் திரையில் ஓடிய குதிரை நொண்டியது. அரண்மனைக்குள் நாலு பாய்ச்சல் பாயும், சிலைபோல நிற்கும், மறுபடி பாயும்.

"குதிரைக்கு விக்கல்," என்றாள் வாலு. வீட்டில் வைத்த செல்லப்பெயர்.

வாலுவின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. பெட்டிக்குள் படம் வரைய ஒரு சில்லு, அதாவது கணினி சிப், இருக்கிறது. எதை எங்கே வரைவது என்று அதற்குக் கட்டளை எழுதுபவர் அம்மா. பள்ளிக்கு விடுமுறை என்பதால் வாலுவும் கூட வந்திருந்தாள்.

தலைவர் அம்மாவை முறைத்தார். "உங்க கட்டளையிலதான் கோளாறு. குதிரை ஒழுங்கா ஓடற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது!"

வாலுவுக்குப் பகீரென்றது. நாளைக்கு அம்மாவோடு கடற்கரைக்குப் போவதாக இருந்தாள்.

"அங்கிள், நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?"

குதிரையை அரண்மனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிய்த்துக்கொண்டு ஓடியது. மூலையில் இருந்த அலமாரிப் பக்கம் திருப்பினாள். விக்கல்.

"இதுக்குள்ள என்ன இருக்கு அங்கிள்?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "அரசரோட சட்டைங்க! ஆயிரம் சட்டை. நானே வரைஞ்சேன். பட்டன் தைச்ச நூல்கூடத் தனித்தனியா இருக்கு!"

"திறந்து காட்டுங்களேன்."

"இப்போதைக்குத் திறக்காது பாப்பா."

"அப்போ சட்டையை யார் பார்ப்பாங்க?"

"நான் பார்த்திருக்கேனே!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், கதவு மூடியிருக்குன்னு சில்லுக்கு எப்படித் தெரியும்? குதிரை அந்தப் பக்கம் திரும்பினாலே, அது ஆயிரம் சட்டையையும் வரைஞ்சுட்டு, மேல கதவையும் வரைஞ்சு மூடுது. மூச்சு வாங்காம என்ன செய்யும்? சட்டையை எல்லாம் அழிச்சிடறேன்."

தலைவர் மிட்டாய் பறிகொடுத்த பிள்ளைபோல நின்றார்.

"அழிக்காதீங்கம்மா, பாவம்! ஆசை ஆசையா வரைஞ்சிருக்காரு," என்றாள் வாலு. "கதவு மூடியிருந்தா சட்டையை வரையாதேன்னு சொல்லிடுங்க, போதும்."

அம்மா கட்டளையை மாற்றினார். குதிரை பறந்தது. எல்லோருக்கும் லீவு கிடைத்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நான் கண்டுபிடித்த மூடிய கதவுத் தத்துவம் பற்றி நாளை காலை பெரிய ஹாலில் உரையாற்றுவேன்!"

மறுநாள் காலை அவர் மைக் முன்னால் வந்து நின்றார்.

கேட்க யாரும் வரவில்லை. எல்லோரும் லீவில் இருந்தார்கள்.