மாவில் விழுந்த தடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை மணி ஐந்தரை. தான் பள்ளிக்கூடத்தில் விட்டது பெரிய புருடா என்று ஷ்ரவ்யாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்க பின்னி ஒரு புதுக் கோளைப் பார்த்திருக்காங்க!" இதுதான் அவள் வகுப்பில் சொன்னது.

பின்னி என்றால் சித்தி. ஷ்ரவ்யா வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும். பின்னியின் பெயர் சாய்ப்ரியா. பெங்களூரில் வானியல் ஆராய்ச்சி செய்கிறார். விடுமுறைக்குப் பெரியநாயக்கன்பாளையம் வந்திருக்கிறார். நாளை ஷ்ரவ்யாவின் வகுப்பில் பேசப் போகிறார்.

பின்னியின் மடிக்கணினியில் ஒரு படம் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் வட்டமான தட்டு. நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி. தட்டின் மேல் ஒரு கறுப்பு வளையம்.

"இதுல கோள் எங்கீங்க பின்னி?"

"அது தெரியாது கண்ணு."

"தெரியாதா?"

"நடுவுல இருக்கறது இளம் நட்சத்திரம். அதைச் சுத்தித் தூசியும் வாயுவும் தட்டு மாதிரி சுத்துது. அந்தத் தூசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டித்தான் கோள் உண்டாகும். இந்தக் கறுப்பு வளையத்தைப் பாரு. அந்த இடத்துல தூசி ரொம்பக் கம்மி. ஒரு கோள் அந்த வழியா சுத்திச் சுத்தி வந்து தூசியை ஒதுக்கியிருக்கணும்னு நினைக்கறோம்."

"அப்ப நீங்க கோளைப் பார்க்கவே இல்லீங்களா?"

"இல்ல. அது போன வழியைத்தான் பார்த்தோம்."

இனி நாளைக்கு என்ன சொல்வது? வகுப்பில் ஹாரிகா என்று ஒருத்தி இருக்கிறாள். எதையும் லேசில் நம்பமாட்டாள். 'கண்ணால பார்த்தாங்களா? நாளைக்குக் காட்டச் சொல்லு. இல்லாட்டி வருசம் பூரா உன் பேரு புருடா ஷ்ரவ்யாதான்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஷ்ரவ்யா மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு நான் கோளைப் பார்த்தேன்னு சொல்லணுமா?" என்று கேட்டார் பின்னி.

ஷ்ரவ்யா கொஞ்சம் யோசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் புருடா ஆயிருவோம்."

அந்த நேரத்தில் அப்பா வெங்கடபதி உள்ளே வந்தார். அவர் கிரைண்டர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. பின்னியின் தோளுக்கு மேலாக எட்டிப் படத்தைப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி கிரைண்டர், சாய்ம்மா? மாவுல கோடு விழுந்திருக்குது பாரு. கல்லு சரியா உக்காரல."

பின்னி சிரித்த சிரிப்பில் மடிக்கணினி நழுவப் பார்த்தது. "மாமா! இது நட்சத்திரம்!"

"நட்சத்திரமா?" அப்பா இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். "எதா இருந்தா என்ன? கல்லு சரியில்ல."

ஷ்ரவ்யா சிரிக்கவில்லை.

"அப்பா, அதுல கல்லு எங்கீங்க தெரியுது?"

"கல்லு எதுக்குத் தெரியணும்? அதான் கோடு தெரியுதே!"

ஷ்ரவ்யா படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள்.

"அப்பா, நாளைக்கு ஒரு கிரைண்டர் ஸ்கூலுக்கு வேணுமுங்க!"

மறுநாள் காலை அப்பாவின் ஸ்கூட்டரில் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து போனது. ஷ்ரவ்யா பின்னால் உட்கார்ந்து போனாள். பின்னி ஆட்டோவில் வந்தார்.

வாட்ச்மேன் வெள்ளியங்கிரி கதவைத் திறந்தபடியே கேட்டார். "ஏனுங்க, மத்தியானம் சத்துணவுல இட்லிங்களா?"

வகுப்பில் பின்னி படத்தைத் திரையில் காட்டினார். யாரும் பேசுவதற்கு முன்னால் ஷ்ரவ்யா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். பின்னி கோளைப் பார்க்கல."

"நாந்தான் சொன்னேன்ல! புருடா ஷ்ரவ்யா!" என்றாள் ஹாரிகா. வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

"இரு. பார்க்காமயே எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு இப்பக் காட்டறேன்."

ஷ்ரவ்யா கிரைண்டரிலிருந்து குழவிக் கற்களை எடுத்து வெளியே வைத்தாள். அடியில் இருந்த கறுப்புக் கல்லின் மேல் அரிசி மாவைச் சல்லடையால் பரப்பினாள். அப்பாவுக்கு ஒரே உற்சாகம். யாரும் கேட்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டார்.

புஸ்ஸ்ஸ்!

மாவு பறந்தது. முதல் பெஞ்சு வெள்ளை. இரண்டாவது பெஞ்சும் வெள்ளை. அப்பாவின் மீசை வெள்ளை. நிலோஃபர் மிஸ்ஸின் புருவம்கூட வெள்ளை.

"மிஸ், உங்களுக்குத் திடீர்னு வயசாயிருச்சுங்க" என்றான் ரவிதேஜா.

முதலில் சிரித்தது மிஸ்தான். பிறகு வகுப்பே சிரித்தது. ஹாரிகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான் உங்க கோளா? நல்லாப் பறக்குது!"

ஷ்ரவ்யா கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். மாவு ஏன் பறந்தது? வேகம் அதிகம். அவ்வளவுதானே?

"அப்பா, கரண்ட் வேண்டாங்க. கையாலயே சுத்தறேன்."

அப்பா மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். பெல்ட்டையும் கழற்றினார். இப்போது கிரைண்டரின் டிரம் தொட்டால் லேசாகச் சுற்றியது. மிச்சமிருந்த மாவை ஷ்ரவ்யா மறுபடி பரப்பினாள்.

"எல்லாரும் பின்னால சுவத்தைப் பார்த்துத் திரும்புங்க. பின்னி ஒருத்தரை மட்டும் தொடுவாங்க. அவங்க சத்தமில்லாம இங்க வந்து ஒரு விரலை மாவுல வைக்கணும்."

எல்லோரும் திரும்பினார்கள். ஷ்ரவ்யா டிரம்மை மெதுவாகச் சுற்றினாள். யாரோ வந்தார்கள். ஒரு விரல் மாவுக்குள் இறங்கியது. டிரம் ஒரு சுற்றுச் சுற்றியது. விரல் வெளியே வந்தது. வந்தவர் திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"இப்பப் பாருங்க!"

எல்லோரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை மாவின் நடுவே அழகான கறுப்பு வளையம்.

"யாருன்னு கண்டுபிடி, ஹாரிகா."

"யாரு கையில மாவு இருக்குதோ அவங்கதான்" என்று சட்டென்று சொன்னாள் ஹாரிகா. பிறகு சுற்றிலும் பார்த்தாள். எல்லார் கையிலும் மாவு. அவள் கையிலும் மாவு.

ஆனால் ஹாரிகா லேசில் விடுகிறவள் இல்லை. டிரம்முக்கு மேல் குனிந்தாள். தன் சுண்டுவிரலை வளையத்துக்கு நேராகப் பிடித்தாள். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். அதுவும் பொருந்தவில்லை.

"அகலமா இருக்குது. இது கட்டை விரல். அதுவும் நல்ல தடி விரல். எல்லாரும் கையை நீட்டுங்க!"

எல்லாக் கைகளும் நீண்டன. ஒருவன் மட்டும் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ரவிதேஜா, கையை எடுடா!"

"எனக்குக் குளுருது."

"வேர்த்து ஊத்துது, குளுருதாம்! எடு!"

அவன் கட்டை விரலை வளையத்தின் மேல் பிடித்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"இவன்தான்!"

ரவிதேஜா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். வகுப்பு கைதட்டியது. தட்டத் தட்ட மாவு பறந்தது.

"நீ இவனைப் பார்த்தியா?" என்று கேட்டார் பின்னி.

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிச் சொல்றே?"

"அதான் தடம் இருக்குதுல்லங்க! ஆளு வராமயா தடம் விழும்?"

சொல்லிவிட்டு ஹாரிகா நிமிர்ந்தாள். திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். கறுப்பு வளையத்தைப் பார்த்தாள்.

பின்னி குழந்தை மாதிரி ஒரு குதி குதித்தார். "இதேதான்! நாங்களும் வளையத்தோட அகலத்தை அளந்துதான் கோள் எவ்வளவு பெருசா இருக்கும்னு கணக்குப் போடறோம். சில வளையம் வேற காரணத்தாலயும் விழலாம். அதனாலதான் இன்னும் தேடிட்டே இருக்கோம்."

ஹாரிகா ஷ்ரவ்யாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ புருடா இல்ல" என்றாள். "கொஞ்சம் அவசரம். அவ்வளவுதான்."

"உனக்கு மூக்குல இன்னும் மாவு" என்றாள் ஷ்ரவ்யா.

மணி அடித்தது. யாரும் வெளியே போகவில்லை. ஹாரிகா டிரம்மை ஒரு விரலால் மெல்லச் சுற்றினாள். வளையம் சுற்றிச் சுற்றி வந்தது. பின்னியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, அந்தக் கோள்ல இருந்து யாராச்சும் நம்ம சூரியனைப் பார்த்தா, நாம இங்க இருக்கறதை அவங்க எப்படீங்க கண்டுபிடிப்பாங்க?"