கடைசி ஆள் குரல் கொடுக்கக் கூடாது

மூடிக்கிடந்த பழைய சுங்கச்சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் சைக்கிள் குழுவில் மற்ற எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். தாமதத்துக்குக் காரணம் மாமா, அதாவது என் அக்காவின் கணவர். டயருக்குக் காற்று அடித்தாரா என்றால் இல்லை, தண்ணீர் எடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. போன வருஷம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை. கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் மெதுவா ஓட்டலாம்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. நீ அவர் பின்னாடியே வா. அவரை விட்டுட்டு முன்னாடி போயிடாதடா."

ஆக, எப்போதும் முதல் வரிசையில் போகிற நான் அன்றைக்குக் கடைசி. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். மாமா புதியவர் என்பதால் விதியை விளக்கினார். "முன்னாடி போறவர் பள்ளம்னு கத்தினா, நீங்களும் கத்தணும். அப்படியே பின்னாடி வரைக்கும் போகும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசி ஆள் மட்டும் குரல் கொடுக்கக் கூடாது."

"ஏன் டாக்டர்?"

"கேக்கறதுக்குப் பின்னாடி யார் இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை.

மலைச்சாலை முழுக்கப் பனி. முன்னால் போனவர்களின் பேச்சும் சிரிப்பும் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்து போயின. மாமாவின் மூச்சிரைப்பும், எண்ணெயே காணாத அவர் செயினின் கிறீச்சும்தான் மிச்சம். நடந்து போகிறவன்கூட எங்களைத் தாண்டியிருப்பான். வருஷக்கணக்காகக் கூடவே ஓட்டியவர்களில் ஒருத்தராவது திரும்பிப் பார்த்தாரா?

"பள்ளம்!" என்றார் மாமா.

பழக்கதோஷம். "பள்ளம்!" என்று நானும் கத்திவிட்டேன்.

"பள்ளம்," என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றுமில்லை. செயின் சத்தம் இல்லை, டயர் சத்தம் இல்லை. ஈரச் சாக்கு நாற்றம் மட்டும் அடித்தது. எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏற்றம் தொடங்கியதும் மாமா திணறினார். மேட்டில் சோர்ந்தவர் முதுகில் பின்னால் வருகிறவர் கை வைத்துத் தள்ளுவது எங்கள் வழக்கம். நானும் தள்ளினேன். "இப்படி ஏறினா பொழுது சாஞ்சிடும் மாமா," என்று கடுகடுத்தேன்.

அப்போது என் முதுகில் ஒரு கை பதிந்தது.

சில்லென்றிருந்தது. சட்டை நனைந்தது.

அது என்னைத் தள்ளியது.

"கல்லு," என்றது காதோரம். முன்னால் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த நொடி மாமாவின் சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குலுங்கியது.

அக்காவாவது, அவள் சொன்னதாவது! எழுந்து நின்று மிதித்தேன். தலையைக் குனிந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாமாவைத் தாண்டி, பனிக்குள் குருட்டாம்போக்கில் உச்சிவரை மிதித்தேன்.

"உங்க மாமா எங்க?" என்றார் டாக்டர்.

நான் பதில் தேடுவதற்குள் மாமாவே வந்து நின்றார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை.

"மச்சான், உன்னாலதான் ஏறினேன். கடைசி வரைக்கும் முதுகுலேர்ந்து கையை எடுக்கலையே நீ!"

டாக்டர் மாமாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என்னிடம் கிசுகிசுத்தார். "குரல் குடுத்தீங்களா?"

தலையாட்டினேன். அவ்வளவுதான், தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு விலகிப் போய்விட்டார். என்ன ஏது என்று எவ்வளவு கெஞ்சியும் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மலையிறங்கி வீடு வந்து சேர்ந்தோம். அக்கா வீடு இரண்டாவது மாடி. மாமா எப்போதும் முதல் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவார். அன்று நிற்காமல் ஏறினார். அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவர் பின்னாடியே வந்தியாடா?"

"வந்தேன்கா."

இனிமேலாவது அவரை ஒட்டியே போவோம் என்று வேகமாக ஏறினேன். ஈரச் சாக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. மாமாவின் சட்டை நடுமுதுகில் அமுங்கியிருந்தது, ஐந்து விரல்களும் தெரியும்படி.

"பாத்து வாங்க, இப்பதான் துடைச்சேன். படி ஈரம்," என்றாள் அக்கா.

மாமா உற்சாகமாகப் பின்னால் குரல் கொடுத்தார். "படி ஈரம்!"

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"படி ஈரம்," என்றது அதே குரல், எனக்கு ஒரு படி முன்னால்.